சம்பந்தி வீட்டுக் கைதி

என் மகளைக் கட்டப் போகிறவனின் தகப்பன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கிய மூன்றாம் நாள், பாரிஸில் ரூ காய் தெருவில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் வைத்துத் தன் குடும்பத்துத் திருடனை எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளே கொத்துரொட்டி போடுகிற சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரச் சம்பந்தி கையாலேயே தோசை தின்று முடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, தோள்பைக்குள்ளிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். மாப்பிள்ளையின் படிப்புச் சான்றிதழாக்கும் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் என்றால் அதைத்தானே காட்டுவார்கள்.

அது பழைய பதிவேடொன்றின் பிரதி. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகப் போட்டிருந்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்த மகள் தமிழில் சொன்னாள்.

"அப்பா, இவர்தான் அவையின்ர குடும்பத்திலை ஆஸ்திரேலியாவுக்கு வந்த முதல் ஆள். இங்கிலாந்திலை களவெடுத்ததுக்குப் பிடிச்சுக் கப்பலிலை ஏத்தி அனுப்பினவையாம். இதையே பெரிசாக்கி ஃபிரேம் போட்டு வீட்டு ஹோலிலை மாட்டி வைச்சிருக்கினம்."

சொல்லும்போது அவளுடைய முகத்தில் அப்படியொரு பூரிப்பு. மேசைக்கடியில் என் மனைவி தன் காலால் என் காலை அழுத்தினாள். எதிரே இருந்த மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, தண்ணீர்க் கிளாசை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, "சூப்பர், சூப்பர்" என்றான். அடக் கோதாரி, நீ சொல்கிறாயா சூப்பர் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது.

சம்பந்தி கதையை விரிவாகவே சொன்னார். அந்த மனுசனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. துணிக்கடையில் ஒரு சுருள் துணி எடுத்திருக்கிறான். அதற்கு ஏழு வருஷம் நாடுகடத்தல். முதலில் ஆற்றில் கட்டிக் கிடந்த ஓட்டைக் கப்பலொன்றுக்குள் பல மாதம் அடைத்து வைத்தார்களாம். பிறகு நாலு மாதத்துக்கு மேலே கடலில், காலில் விலங்கோடு. போய் இறங்கியதும் ஒரு பண்ணைக்காரனுக்கு இவனைப் பிரித்துக் கொடுத்தார்கள். சம்பளமில்லாமல் செம்மறி மேய்க்க வேண்டும். எதிர்த்துக் கதைத்ததற்கு ஐம்பது சவுக்கடி. ஒருமுறை காட்டுக்குள் ஓடிப்போய், எட்டாம் நாள் பசி தாங்காமல் தானே திரும்பி வந்திருக்கிறான். அதற்காகச் சங்கிலி போட்டுத் தெருப் போடும் கூட்டத்தில் விட்டார்கள். நன்றாக நடந்தால் கடைசியில் ஒரு அனுமதித் துண்டு கொடுப்பார்களாம். அந்தத் துண்டு இருந்தால் சொந்தமாக உழைக்கலாம், ஆனால் குறித்த எல்லையைத் தாண்டக் கூடாது, கேட்ட இடத்தில் காட்ட வேண்டும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எத்தனை வருஷம் அப்படியொரு விசாத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இந்த நகரத்தில் அலைந்திருக்கிறேன்.

பதிவேட்டில் அவனுடைய அடையாளங்கள் எழுதியிருந்தன. உயரம், கண்ணின் நிறம், முகத்தில் அம்மைத் தழும்பு, இடது புருவத்தில் வெட்டு. அதற்குப் பக்கத்தில், கலியாணமானவன், ஒரு பெண்பிள்ளை என்றும் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசித்தால் விளங்கும், கேட்டாலும் முக்கால்வாசி விளங்கும், வாயைத் திறக்கத்தான் வராது. அந்த வரியில் விரலை வைத்து மகளிடம் கேட்டேன்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்ததாம்?"

அவள் கேட்டாள். சம்பந்தி தோளைக் குலுக்கினார். அவர்கள் எல்லோரும் அவன் அங்கே போய்க் கட்டிய இரண்டாவது மனைவியின் வழியாம். அவளும் ஒரு கைதிதானாம், அயர்லாந்துக்காரியாம், ஒன்பது பிள்ளைகளாம்.

"இங்கிலாந்திலை விட்டிட்டு வந்த பிள்ளையைப் பற்றி ஒரு ரெக்கோட்டும் இல்லையாம் அப்பா" என்றாள் மகள். பிறகு என்னைப் பார்க்காமல், "விட்டிட்டுப் போன ஆக்கள் திரும்பிப் பாக்கிறேல்லைத்தானே" என்றாள். அதை அவள் மொழிபெயர்க்கவில்லை. எனக்குத்தான் சொன்னாள்.

அந்தக் குத்து எங்கிருந்து வந்தது என்று அந்த மேசையில் நாலு பேருக்குத் தெரியும். அவளுக்கு நாலு வயதாக இருந்தபோது நான் பதினாலு மாதம் வீட்டில் இல்லை. அப்பா லண்டனில் வேலை செய்கிறார் என்று சொல்லி வளர்த்தார்கள். அவள் முதல்முதலாகப் பள்ளிக்கூடம் போன நாளில் நான் இல்லை. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இல்லை. பதினைந்து வயதில் ஒருநாள் எதற்கோ நான் கண்டித்தபோது, "நீங்கள் லண்டனிலை ஜாலியா இருந்தனீங்கள், அம்மா இஞ்சை அழுது அழுது வேலைக்குப் போனவா, இப்ப வந்து எனக்குச் சட்டம் சொல்லுறியளோ?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இருந்தது, ஆனால் சொல்ல முடியாது. லண்டனை நான் இன்றைக்குவரை கண்ணாலும் கண்டதில்லை. அந்தப் பதினாலு மாதமும் நான் பாரிஸுக்கு வெளியே ஒரு சிறையில் இருந்தேன்.

எதற்காக என்று சொல்கிறேன். துணிச் சுருள்கூட இல்லை.

என் மச்சான் ஊரிலிருந்து வெளிக்கிட்டு ஜெர்மனிவரை வந்து, அங்கே ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டான். அவனைக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஃபோனை நிற்பாட்டிவிட்டான். மனைவி சாப்பிடாமல் கிடந்து அழுதாள். நான் அப்போது ஒரு பிரெஞ்சுக்காரனுடைய ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பழைய வான் ஒன்று வைத்திருந்தேன். ஒரு நாள் லீவு கேட்டு எடுத்துக்கொண்டு நானே போனேன். அந்த வீட்டில் மச்சானோடு ஒரு பெண்ணும் அவளுடைய மகளும் இருந்தார்கள். தகப்பன் இங்கே பாரிஸுக்குப் பக்கத்தில் செவ்ரானில் இருக்கிறாராம். எங்களையும் ஏற்றிக்கொண்டு போங்கோ அண்ணை என்று அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஏலாது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சின்னப் பிள்ளையின் சப்பாத்து அறுந்து கயிற்றால் கட்டியிருந்தது, என் மகளின் வயதுதான் இருக்கும். ஏறுங்கோ என்றேன்.

எல்லையை ஒரு தொந்தரவும் இல்லாமல் தாண்டிவிட்டோம். காலை ஒன்பது, பத்து மணி இருக்கும். நல்ல வெயில். நெடுஞ்சாலையோரம் வாகனங்கள் இளைப்பாறும் இடமொன்றில் பெண்ணும் பிள்ளையும் கழிப்பறைக்குப் போவதற்காக நிறுத்தினேன். அப்போதுதான் மச்சான் தன் பைக்குள்ளிருந்து ஒரு தேங்காயை எடுத்தான்.

"உதென்னடா?" என்றேன்.

"நேர்த்தி அத்தான். பிரான்ஸ் மண்ணிலை கால் வைச்ச உடனை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பன் எண்டு நேந்தனான்."

"விசரே உனக்கு? வீட்டை போய் உடை. பாரிஸிலை லா சப்பல் தமிழ்க் கடையளிலை நூறு தேங்காய் வாங்கித் தாறன்."

"இல்லை அத்தான். கால் வைச்ச உடனை எண்டுதான் நேந்தது. நேர்த்தியிலை விளையாடக் கூடாது."

ஜெர்மனியில் ஒரு தமிழ்க் கடையில் ஆளைப் பிடித்து வாங்குவித்து, அதற்கு மஞ்சளும் பூசி, இரண்டு கிழமை அந்த வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். நான் பறிக்கப் போனேன். அதற்குள் அவன் வானுக்கு முன்னால் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தி, தேங்காயை மூன்று தரம் தலையைச் சுற்றி, தாரில் ஓங்கி அடித்தான். என்ன சத்தம்! சிதறிய துண்டொன்று பக்கத்தில் சான்ட்விச் தின்றுகொண்டிருந்த கிழவரின் கார்க் கதவில் போய்ப் பட்டது. கழிப்பறையிலிருந்து வந்த பெண்ணும் பிள்ளையும் கற்பூரத்தைக் கண்டதும் ஓடிவந்து கும்பிட்டார்கள். சொன்னால் வெட்கம், என் கையும் தானாகக் குவிந்துவிட்டது. நாங்கள் நாலு பேரும் அப்படிக் கண்ணை மூடி நின்றபோதுதான், அங்கே கோப்பி குடிக்க வந்திருந்த இரண்டு ஜென்டார்ம் பொலிஸ்காரர்கள் நெருப்பு எரிவதைப் பார்த்து எங்களிடம் வந்தார்கள். நல்ல மரியாதையாகத்தான் கேட்டார்கள். பேப்பர் கேட்டார்கள். மூன்று பேரிடம் இல்லை.

மச்சான் ஒருவனைத்தான் ஏற்றி வந்திருந்தால் குடும்ப விஷயம் என்று வாதாடியிருக்கலாம் என்று அரசாங்கம் தந்த வக்கீல் சொன்னார். தெரியாத இரண்டு பேரையும் ஏற்றியதால் நான் ஆள் கடத்துகிற வியாபாரி ஆகிவிட்டேன். என்னத்துக்காக என்று நீதிபதி கேட்டபோது, பிள்ளையின் சப்பாத்து அறுந்திருந்தது என்றேன். மொழிபெயர்ப்பாளர் என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுத்தான் அதைப் பிரெஞ்சில் சொன்னார். உள்ளே போன முதல் நாள் என்னையும் நிறுத்தி வைத்து எழுதினார்கள். உயரம், கண்ணின் நிறம், இடக்கையில் கொதியெண்ணெய் பட்ட தழும்பு.

மச்சான் அகதி மனுக் கொடுத்து வெளியே நின்றான். மனைவி என்னைப் பார்க்கச் சிறைக்கு வந்த முதல் நாளே சத்தியம் கேட்டாள். வெளியில் தெரிந்தால் தம்பியின் கேஸ் பழுதாகிவிடும், பிள்ளையை ஜெயிலுக்குப் போனவனின் பிள்ளை என்பார்கள், நாளைக்கு யார் வந்து கட்டுவான் என்றாள். லண்டன் என்பது மச்சானின் யோசனை. நான் விடுதலையாகி வந்த அன்று, வாசலில் காரோடு நின்றான். பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பையை நீட்டினான். உள்ளே சிவப்பு நிற இரண்டு தட்டு பஸ், விளையாட்டுச் சாமான். லண்டனிலிருந்து வருகிற அப்பா வெறுங்கையோடு வரலாமா? எவ்வளவு கச்சிதமான மூளை பாருங்கள். அந்த மூளை தேங்காய் உடைக்கும்போது எங்கே போனதோ தெரியாது. மகள் பஸ்ஸை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாயின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

மச்சானுக்கு இப்போது சொந்த வீடு, கோயில் சபையில் பதவி. ஆட்களுக்கு முன்னால் என்னை எப்போதும் "அத்தான் லண்டனிலை இருந்த காலத்திலை" என்றுதான் கதைப்பான். சொல்லிச் சொல்லி அவனே நம்பிவிட்டான் போல. ஒருமுறை லண்டனில் சாமான் விலையைப் பற்றி என்னிடம் உண்மையாகவே சந்தேகம் கேட்டான்.

அன்றைக்குக் கடையிலிருந்து திரும்பும்போது சம்பந்தியிடம் அந்தப் பதிவேட்டின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கினேன். நாங்கள் இருக்கிற கூசேன்வில்லிலிருந்து ருவாசி விமான நிலையத்துக்கு, விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் என் வேலைக்குப் போகிற பஸ்ஸில் அதை வாசித்தேன். இடைவேளையிலும் வாசித்தேன். ஐம்பது சவுக்கடி வாங்கிய முதுகைப் பற்றி ஒரு வரி. ஓடிப்போனதைப் பற்றி ஒரு வரி. அந்தப் பிள்ளையைப் பற்றி அந்த ஒரு சொல்லுக்கு மேலே எதுவும் இல்லை. அவளுக்கு என்ன சொல்லியிருப்பார்கள்? கப்பலேறி வேலைக்குப் போய்விட்டான் என்றுதானே? அவளும் வளர்ந்து, விட்டுவிட்டுப் போன தகப்பன் என்று பல்லைக் கடித்துக்கொண்டே செத்திருப்பாள். அங்கே ஒன்பது பிள்ளைகளின் வாரிசுகள் சுவரில் படம் மாட்டிப் பெருமைப்படுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன், மகளுக்குச் சொல்லப் போகிறேன் என்று.

"உங்களுக்கு மூளை பிரண்டு போச்சே? கலியாணத்துக்கு ஒரு மாசம் கிடக்கு."

"அவை தங்கடை கள்ளனைச் சுவரிலை மாட்டி வைச்சிருக்கினம். நான் களவும் எடுக்கேல்லை."

"அந்தாள் செத்துப் புழுத்துப் போச்சு. நீங்கள் உயிரோடை முன்னுக்கு நிக்கிறியள். அதுதான் வித்தியாசம்" என்றாள். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. விலைப்பட்டியல் வாசிப்பதுபோலச் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

நான் சத்தியத்தை முறித்தேன். கூறைச்சேலை எடுக்க மகளோடு லா சப்பலுக்குப் போனபோது, சேலைக்கடைக்குள் ஏற முதல் ஒரு கோப்பிக் கடையில் இருத்திச் சொன்னேன். தேங்காய் உடைத்ததையும் சொன்னேன். அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தபடியே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மெத்ரோ பாலத்தில் இரண்டு மூன்று ரயில் போய்விட்டது.

"லண்டனிலை உங்களுக்கு வேறை குடும்பம் இருந்தது எண்டு நினைச்சனான் அப்பா" என்றாள். "சின்ன வயசிலை இருந்து அப்பிடித்தான் நினைச்சனான். அவையோடை உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள் எண்டும் நினைச்சனான்."

ஐயோ கடவுளே. இருபத்திமூன்று வருஷம் அந்த இல்லாத பிள்ளையோடு என் பிள்ளை சண்டை பிடித்திருக்கிறாள். அவள் என் இடக்கையை இழுத்து, அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தாள். நான் அவளுடைய கையை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அவள் எடுத்த சேலைக்கு நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பு மச்சான் தன் வீட்டில் சம்பந்தி பகுதிக்கு விருந்து வைத்தான். ஆஸ்திரேலியாவிலிருந்து இன்னும் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். கோயில் சபை ஆட்கள் நாலு பேரும் இருந்தார்கள். சாப்பாடு முடிந்து வட்டமாக இருந்தபோது சம்பந்தி தன் கிளாசைத் தூக்கிக்கொண்டு எழும்பினார். எங்கள் குடும்பக் கதையைச் சொல்லிவிட்டோம், இனி உங்கள் கதை, முதல் வந்த ஆள் எப்படி வந்தார், என்ன பாடுபட்டார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உண்மையாகவே அறிய ஆசைப்பட்டுத்தான் கேட்டார். நல்ல மனுசன்.

மகள் எழும்பி என் பக்கத்தில் வந்து நின்றாள். எட்டு வயதிலிருந்து அவள்தான் எங்களுக்கு வாய். பிரெபெக்தூர் கந்தோரில் விசாவுக்கு நின்றபோதும், டொக்டரிடமும், வங்கியிலும், தன் பள்ளிக்கூடத்தில் தன்னைப் பற்றியே ஆசிரியை குறை சொன்னபோதும் அவள்தான் சொன்னாள். ஒரு சொல் கூட்டியதில்லை, ஒரு சொல் குறைத்ததில்லை. கணக்கில் பூச்சியம் என்று தன் வாயாலேயே எனக்குச் சொன்ன பிள்ளை.

நான் அவளைப் பார்த்தேன். கோப்பிக் கடையில் பிடித்த கை ஞாபகம் வந்தது. சொல்லலாம் என்று நினைத்தேன். கைதியைக் கொண்டாடுகிற சனத்துக்கு முன்னால் சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது?

"சொல்லு பிள்ளை. நானும் ஜெயிலுக்குப் போனனான் எண்டு சொல்லு. பதினாலு மாசம். ஒண்டும் களவெடுக்கேல்லை. இந்தா இருக்கிற உன்ர மாமாவையும் இன்னும் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு வந்ததுக்கு எண்டு சொல்லு."

தமிழ் விளங்கியவர்கள் எல்லோரும் கல்லாகிவிட்டார்கள். மச்சான் நிலத்தைப் பார்த்தான். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சபைக்காரரில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். மகள் மாமனைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், தன்னைக் கட்டப் போகிறவனைப் பார்த்தாள். பிறகு சம்பந்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, தெளிவான இங்கிலீஷில் சொன்னாள்.

அப்பா முதல் வந்து சமையலறையில் வேலை செய்தாராம். குடும்பத்துக்காகக் கொஞ்சக் காலம் எங்களைப் பிரிந்து லண்டனிலும் போய்க் கஷ்டப்பட்டாராம். மாமாவை இங்கே எடுத்துவிட்டது அவர்தானாம்.

எல்லோரும் கை தட்டினார்கள். மச்சான்தான் முதலில் தட்டினான். சம்பந்தி என்னிடம் வந்து தோளில் கை போட்டு, "லண்டன்?" என்று கேட்டார். எந்தப் பகுதி என்றும் கேட்டார். எனக்கு விளங்கியது. நோ, ஜெயில் என்று சொல்ல இரண்டே சொல் போதும், இரண்டும் எனக்குத் தெரிந்த சொல். மகளைத் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பை முகத்தில் பிடித்து வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய உதடு மட்டும் சத்தமில்லாமல் அசைந்தது, அப்பா, அப்பா என்று.

"யெஸ்" என்றேன் சம்பந்தியிடம். "லண்டன்."